எந்தக் குடி, தம்பி?

2025 ஜனவரி 24, வெள்ளி

காலையில் இருந்து ஊசியும் குழாயும் மற்றவர்களின் இரத்தமுமாக நின்று கால் உளைகிறது. அதை எழுதவா இந்தக் கொப்பியைத் திறந்தேன்? இல்லை. கட்டுவோமா என்று நான் கேட்டதற்குக் கம்சாயினி இன்று குரல் செய்தி அனுப்பியிருந்தாள். பஸ்ஸுக்குள் நெரிபட்டுக்கொண்டே கேட்டேன். எங்கள் ஊர் தேற்றாத்தீவில் இறங்கி வீதி ஓரத்தில் நின்று திரும்பவும் கேட்டேன்.

"ஓம் எண்டோ இல்லை எண்டோ இப்ப சொல்ல மாட்டன். முதல்ல எங்கட ஊருக்கு வாங்க. ஆத்தப் பாருங்க, மலையப் பாருங்க, யானை வேலியையும் பாருங்க. நான் எங்கட வீட்ட விட்டு வர மாட்டன். நீங்கதான் வந்து இரிக்கணும். ஏலுமா எண்டு பாத்திட்டுச் சொல்லுங்க."

கேட்டதில் புதுமை ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கட்டுகிறவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்ச் சேர வேண்டும். ஆனால் என் கூட்டாளிமார் போய்ச் சேர்ந்த வீடுகள் எல்லாம் பஸ் ஓடுகிற வீதியில், கடற்காற்று படுகிற இடத்தில். அவளுடைய பாலையடிமடு கரடியனாற்றுக்கும் அப்பால், முந்தெனியாற்றுப் பள்ளத்துக்குள் இருக்கிறது. பெயரைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது.

போன வருடம் தன் அம்மாவின் பரிசோதனை முடிவு சுணங்கியது என்று ஆய்வுகூட வாசலில் நின்று என்னோடு சண்டை பிடித்தவள் இவள். விவசாயப் போதனாசிரியர். வயல்காரரோடு கத்திக் கத்திப் பழகிய தொண்டை. அந்தச் சண்டையிலேயே நான் விழுந்துவிட்டேன், எழும்ப மனமில்லை.

போகிறேன். கட்டாயம் போகிறேன்!

ஜனவரி 26, ஞாயிறு

அம்மாவிடம் "சும்மா ஊர் பாக்கப் போறன்" என்றேன். "ஊர் பாக்கப் போற ஆள் கிழமைக்கு முதலே சேட்டு மடிச்சு வைக்கிறயில்ல மனே" என்றார்.

ஜனவரி 31, வெள்ளி

திங்கட்கிழமை லீவு கிடைத்தது. செவ்வாய் சுதந்திர தினம். நல்ல நீளமான பயணம்.

வெறுங்கையோடு போகக் கூடாது. என்ன கொண்டுபோவது? கடற்கரைக்காரன் மீன் கொண்டுபோகாமல் வேறென்ன கொண்டுபோவான்? கரைவலைக்காரரிடம் சொல்லி இரண்டு பாரை எடுத்தேன். ரெஜிபோம் பெட்டிக்குள் ஐஸ் போட்டுக் கட்டியாயிற்று. அப்பா இருந்திருந்தால் இன்னும் பெரிதாகப் பார்த்து எடுத்துத் தந்திருப்பார். கடலை விட்டு ஒரு நாள் விலகியிருக்க மாட்டாத மனிதர். அவர் போய் நான்கு வருடமாகிறது, வலைக்காரர் இன்னமும் என்னை "மூத்தவர்ர மகன்" என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

பெப்ரவரி 1, சனி. பாலையடிமடு

எங்கிருந்து தொடங்குவது! கை எழுத்தை முந்துகிறது.

மட்டக்களப்பில் பஸ் மாறினேன், செங்கலடியில் மாறினேன். பதுளை வீதி பஸ்ஸில் மீன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். கறுத்தப்பாலம் தாண்டும்போது ஐஸ் உருகி என் காற்சட்டையில் இறங்கத் தொடங்கிற்று. பக்கத்தில் இருந்த அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு யன்னல் பக்கம் கிறுகினார். புதுச் சேட்டு, மடிப்புக் குலையாத சேட்டு, கீழே மீன் தண்ணீர். கரடியனாற்றில் இறங்கியபோது கம்சாயினி ஸ்கூட்டியோடு நின்றாள். மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள்.

"கடலையும் கையோட கொண்டு வந்திட்டீங்களா?" என்றாள்.

பிறகு அந்தப் பாதை. கிரவல் பாதையின் இரண்டு பக்கமும் வயல். பெருமழைக்குத் தப்பி விளைந்த நெல் ஒரு பக்கம் மஞ்சளாகச் சாய்ந்து கிடக்கிறது. மறுபக்கம் வெட்டு மெசின் இறங்கி அறுக்கிறது, பின்னாலே கொக்குகள் வரிசை கட்டி நடக்கின்றன. ஒரு வளைவில் ஸ்கூட்டியை நிறுத்தினாள். கீழே ஆறு.

நான் கடலையும் வாவியையும் பார்த்து வளர்ந்தவன். தண்ணீர் என்றால் எனக்குப் புதினம் இல்லை என்று நினைத்திருந்தேன். ஆனால் இது ஓடுகிறது! மருத மரங்கள் கரையோரம் வேரை நீட்டிக்கொண்டு நிற்கின்றன, அவற்றின் நடுவே மழைத்தண்ணீர் மண் நிறத்தில் சுழித்துச் சுழித்துப் போகிறது. அப்பால் பாறை, அதற்கப்பால் காடு, காட்டுக்கு மேல் நீலமாக மலை. நான் வாயைத் திறந்துகொண்டு நின்றிருக்க வேண்டும்.

"பூச்சி போகப் போகுது" என்றாள் அவள்.

அவளுடைய மாமா அழகரத்தினம் வீட்டில் எனக்கு இடம். அம்மாவின் தம்பி, இந்த வயல் வட்டையின் விதானை. இத்தனை ஏக்கர் வயலுக்கும் எப்போது தண்ணீர் விடுவது, எப்போது விதைப்பது என்று முடிவு சொல்கிறவர் அவர்தான். குரல் இடி மாதிரி, சிரிப்பு அதைவிடப் பெரிது. கம்சாயினியின் அம்மா சீதேவிப்பிள்ளை பக்கத்து வளவு. மீன் பெட்டியை வாங்கித் திறந்து பார்த்துவிட்டு, "ஆத்து மீன் திண்டு திண்டு அலுத்துப் போச்சு. சோக்கான மீன் தம்பி!" என்றார். பிறகு என் காற்சட்டையைப் பார்த்தார், மாமாவின் சாரம் ஒன்றைக் கொண்டுவந்து தந்தார்.

நான் யார், ஏன் வந்தேன் என்று ஒருவரும் கேட்கவில்லை. கம்சாயினியின் சினேகிதர், பழைய இடங்கள் பார்க்க வந்திருக்கிறார் என்பதுதான் பேச்சு. ஆனால் வேலியால் எட்டிப் பார்த்துவிட்டுப் போனவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் ஊர் முழுக்க விளங்கிவிட்டது.

பெப்ரவரி 2, ஞாயிறு

வெள்ளாப்பில, விடிய முதலே எழுப்பிவிட்டார் மாமா. நாங்கள் மூன்று பேரும் குரங்கேறிமலைக்கு. பெயர் மலை, உண்மையில் ஒரு பெரும் கல். குரங்கு ஏறுமோ தெரியாது, நான் நாலு காலில்தான் ஏறினேன்.

நடுவழியில் குகைகள். மழைத்தண்ணீர் உள்ளே வடியாமல் இருக்கப் பாறையின் நெற்றியில் நீளமாக வெட்டி வைத்திருக்கிறார்கள். அதன் கீழே எழுத்து. கோடும் வட்டமுமாக, சின்னப்பிள்ளை கீறினது போல. யார் வெட்டினார்களோ, எந்தக் காலமோ. நான் விரலை வைத்துத் தடவினேன். உள்ளே வெட்டுப்பட்ட கல்லின் விளிம்பு இன்னும் கூராக இருக்கிறது! மயிர் கூச்செறிந்தது. அந்த மனிதன் உளியை வைத்த இடத்தில் என் விரல். பொய்யா சொல்கிறேன்? கண்ணில் தண்ணீர் வந்தது. மாமா பார்க்காத மாதிரித் திரும்பி நின்று வெற்றிலை மடித்தார்.

உச்சியில் ஏறி நின்றதும், அப்பாடா! முழுப் பள்ளமும் காலடியில். ஆறு வளைந்து வளைந்து கிழக்கே போகிறது. வயல்கள், குளம், அங்கங்கே தென்னைக் கூட்டம். எங்கே தென்னை நிற்கிறதோ அங்கே ஊர். வெகு தூரத்தில் வாவி, வெயில் பட்டுத் தகரம் மாதிரி மின்னுகிறது. அதற்கும் அப்பால் மெல்லிய ஒரு நீலக் கோடு.

"அதுதான் உங்கட கடல்" என்றாள் கம்சாயினி.

வாழ்நாள் முழுக்க நான் கடல் பக்கம் நின்றுகொண்டு இந்தப் பக்கத்தைப் பார்த்ததே இல்லை. இங்கே நின்று பார்த்தால் என் ஊர் ஒரு கோடு. சிரிப்பாக இருந்தது. கொஞ்சம் பயமாகவும் இருந்தது.

இறங்கி வரும்போது பழைய போடியார் வளவு. ஒரு காலத்தில் இந்தப் பக்கத்து வயல் எல்லாம் ஆண்ட பெரிய வீடு. முதிரைத் தூண்கள், ஒரு ஆள் நின்றால் மறைகிற நெற்பட்டறை. இப்போது போடியாரின் பேத்தி அதில் கோழி வளர்க்கிறாள். அடுத்த ஊரில் வயலுக்கு நடுவே கல்தூண்கள் வரிசையாக நிற்கின்றன. ஏதோ ஒரு மண்டபம் இருந்திருக்க வேண்டும். வயல்காரர் அதில் சோற்றுப் பையைக் கொளுவியிருக்கிறார்கள். ஆற்றில் இருந்து தண்ணீர் கொண்டுவரும் வாய்க்கால் ஒன்று, கல் அடுக்கிக் கட்டினது.

"இத வெட்டினது ஆரெண்டு ஒருத்தருக்கும் தெரியா. தண்ணி மட்டும் இப்பவும் வருது" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தில் ஒரு பெருமை, தானே வெட்டினவள் மாதிரி.

கடைசியாக வீட்டைக் காட்டினாள். அவளுக்கென்று அவளுடைய அம்மா கட்டியது. இன்னும் பூச்சுப் பூசவில்லை, கதவுக்கு நிலை மட்டும் வைத்திருக்கிறது. பின்பக்கம் நாலு எட்டு வைத்தால் ஆற்றுச் சத்தம் கேட்கிறது. எந்த அறை எதற்கு என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். ஒரு சின்ன அறையைக் காட்டி, "இது உங்கட மீன் பெட்டிக்கு" என்றாள்.

அப்படியென்றால் ஓமா? கேட்கவில்லை. கேட்டால் கெட்டுவிடும் போல இருந்தது. எனக்கு முடிவு ஆகிவிட்டது. கடல் எங்கே ஓடிவிடப் போகிறது? நான் வாறன்!

பெப்ரவரி 3, திங்கள்

காலையில் ஆற்றில் குளித்தேன். முதலை வராத துறை என்று மாமா காட்டிய இடம். முதலைக்கு யார் சொல்லி வைத்தார்கள் என்று தெரியாது, கண்ணை மூடாமல்தான் முங்கினேன். காலை இன்பமாகத்தான் இருந்தது. காலை மட்டும்.

மாலையில் வட்டைப் பிள்ளையாரடியில் புது அரிசிப் பொங்கல். மருத மரத்தின் கீழே ஒரு கல், அதுதான் பிள்ளையார். வயல்காரர் பத்துப் பதினைந்து பேர், பெண்கள், பிள்ளைகள். சீதேவிப்பிள்ளை அம்மா அகப்பையோடு. எனக்கு முன்வரிசையில் பாய் போட்டார்கள். மாமா நல்ல சந்தோசப் புழுகத்தில் இருந்தார். கோயில் கதை, திருவிழாக் கதை எல்லாம் பேசிவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப நீங்க எந்தக் குடி, தம்பி?"

எந்த வம்சம் என்று கேட்கிறார். இது எனக்குத் தெரிந்த கேள்வி! சந்தோசமாகச் சொன்னேன். "பணிக்கனார் குடி. எங்கட கோயில்ல பணிக்கனார் குடித் திருவிழாவுக்குச் சின்ன வயசில இரிந்து அப்பாவோட போய் நிப்பன். போன வருசமும் நிண்டன்."

அகப்பை நின்றது. ஒருவர் செருமினார். மாமா என்னைப் பார்த்தார், அக்காவைப் பார்த்தார், "நல்லம்… நல்லம்" என்றார். அந்த இடிக்குரல் எங்கே போயிற்றோ. சீதேவிப்பிள்ளை அம்மா பொங்கலை இலையில் வைத்துக் கம்சாயினியிடம் நீட்டினார்.

"அண்ணனுக்குக் குடு புள்ள."

அண்ணனா? இரண்டு நாளாகத் தம்பி, மகன் என்று கூப்பிட்ட வாய். கம்சாயினி இலையைக் கொண்டுவந்து வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது வரப்பில் வைத்து மாமாதான் சொன்னார். "தம்பி, குறை நினைக்கப்படா. என்ட அக்காவும் மருமகளும் பணிக்கனார் குடி. ஒரு குடிக்குள்ள நாங்க எடுக்கிறதும் இல்ல, குடுக்கிறதும் இல்ல. ஊர் வேறயா இரிக்கலாம். ஆனா ஒரு வயித்துப் புள்ளைகள் கணக்குத்தான்."

வேலியடியில் கம்சாயினி நின்றாள். நான் ஏதோ உளறினேன். இந்தக் காலத்தில் இதையெல்லாமா பார்க்கிறது என்று கேட்டிருப்பேன்.

"நான் பாக்கிறனா இல்லையா எண்டது வேற. அம்மா எனக்கெண்டு கல்லுக் கல்லா கட்டின வீடு அது. அவட மனத்த உடைச்சிப்போட்டு அதுக்குள்ள எப்பிடி இரிக்கிற?" என்றாள். பிறகு, "முதல்லயே கேட்டிரிக்கணும். எனக்கும் யோசனை வரல்ல" என்றாள். போய்விட்டாள்.

என்ன இது? நேற்று அறை காட்டினவள். நான் என்ன பிழை செய்தனான்? ஒரு பேரச் சொன்னன், அவ்வளவுதானே. ஊராரின் இரத்தத்தை எல்லாம் பிரித்துப் பிரித்துச் சொல்கிறவன் நான். என்ட இரத்தத்தில இப்பிடி ஒண்டு கிடக்கிறது எனக்குத் தெரியாமப் போச்சே.

பெப்ரவரி 4, செவ்வாய். வீடு

இதை நாளைக்கு எழுதினால் மறந்துபோகும். எல்லாவற்றையும் இப்போதே எழுதுகிறேன்.

காலையில் வெளிக்கிட்டேன். சீதேவிப்பிள்ளை அம்மா ஒரு முட்டி தயிர் தந்தார். "இன்னொரு தரம் வாங்க மகன்" என்று சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தார். கம்சாயினி அலுவலகம் போய்விட்டாளாம். இன்று அரசாங்க விடுமுறை!

பஸ் இல்லை. ஏறாவூர் அசனார் காக்காவின் பட்டா லொறியில் மாமா ஏற்றிவிட்டார். பள்ளத்து ஊர்களில் தயிர் எடுத்து ஏறாவூரிலும் காத்தான்குடியிலும் கொடுக்கிறவர். வாய் ஓயாத மனிதர். ஒரு இரண்டு மைல் தானே பேசிக்கொண்டு வந்தார். பிறகு, "என்ன தம்பி, மையத்து வீட்டுக்குப் போய் வாற மாதிரி இரிக்கீங்க?" என்று கேட்டார். எனக்கும் ஆரிடமாவது கொட்ட வேண்டும் போல இருந்தது. கொட்டினேன்.

"ஒரே குடியெண்டா ஏலாதுதான்" என்றார். "உம்மா பணிக்கனார் குடியா?"

"அப்பா."

பட்டா நின்றது. பின்னால் முட்டிகள் கடகடவென்று ஆடின.

"வாப்பாட குடியயா போய்ச் சொன்ன?" ஸ்டியரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். சிரித்து முடிய மாட்டாமல் தொப்பியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். "யா அல்லாஹ்! தம்பி, குடி உம்மாட வழி. எங்கட ஆக்களுக்கும் அப்பிடித்தான். என்ட மகன் என்ட குடி இல்ல, அவன்ட உம்மாட குடி. உங்களுக்கு இது ஒருத்தரும் சொல்லித் தரல்லயா?"

ஒருவரும் சொல்லித் தரவில்லை! திருவிழாவுக்கு அப்பாவோடு போனேன். பணிக்கனார் குடி என்று கூப்பிட்டார்கள், அப்பா எழும்பிப் போனார், நான் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு போனேன். அது என் குடி என்று நினைத்தேன். அப்பா போன பிறகும் அதே இடத்தில் போய் நின்றேன். மூத்தவரின் மகன் என்று ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. மாமாவும் ஏன் கேட்கப் போகிறார், குடி என்று கேட்டால் தாய் வழியைத்தானே எவனும் சொல்லுவான். என்னைத் தவிர.

நான் இருக்கையில் துள்ளினேன். "அப்ப நாங்க வேற குடி!"

"வேறதான். வாப்பா பணிக்கனார் எண்டா உம்மா கட்டாயம் வேற குடியாத்தானே இரிக்கணும். ஒரே குடிக்குள்ள எப்பிடி முடிச்சிருப்பாங்க?"

அப்போதுதான் எனக்குள் ஏதோ இறங்கியது. அம்மா படுவான்கரைக்காரி. வாவிக்கு மேற்கே இருக்கிற ஊர். தன் வீட்டாரோடு கோபித்துக்கொண்டு அப்பாவோடு வந்தவர். அவருடைய தாயையோ சகோதரங்களையோ நான் கண்டது இல்லை. ஏன் கோபம் என்று அவரும் சொன்னது இல்லை, நானும் கேட்டது இல்லை.

"காக்கா, அவங்க வீட்டுக்குத் தெரியாம வந்து முடிச்சவங்க."

அசனார் காக்காவின் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே குடி என்பதால்தான் வீட்டார் மறித்தார்களோ? இரண்டு பேருக்கும் அதே யோசனை. அம்மாவுக்குப் போன் எடுத்தேன், எடுக்கவில்லை. திரும்பவும் எடுத்தேன். இல்லை. காக்கா ஏறாவூர்ச் சந்தியில் பட்டாவை நிறுத்தினார். இறங்கும்போது, "உம்மாவ முதல்ல கேளுங்க. நான் துஆ கேக்கிறன்" என்றார்.

அம்மா கிணற்றடியில் தேங்காய்த் தும்பை வைத்துச் சட்டி தேய்த்துக்கொண்டிருந்தார். போன் வீட்டுக்குள் கிடக்கிறதாம். செருப்பைக்கூடக் கழற்றாமல் போய்க் கேட்டேன்.

"அம்மா, நீங்க என்ன குடி?"

கை நின்றது. நிமிர்ந்து பார்த்தார்.

"உலகிப்போடி குடி. ஏன் மனே?"

நான் அந்த ஈர நிலத்திலேயே குந்திவிட்டேன். வேறு குடி! வேறு குடி! பிறகு எல்லாவற்றையும் சொன்னேன், கம்சாயினி, வீடு, பொங்கல், அண்ணன், தயிர் பட்டா, எல்லாம். அம்மா சிரிக்கவில்லை.

"அப்ப உனக்கு நான் என்ன குடியெண்டே தெரியாதா?"

"நீங்க சொல்லல்லயே."

"நீ கேக்கல்லயே" என்றார். "குடிக்காக ஒருத்தரும் மறிக்கல்ல. எங்கம்மா வீட்டத் தாறன், வயலத் தாறன், வந்து இரிக்கட்டும் எண்டா. உன்ட அப்பா கடல விட்டு வர மாட்டன் எண்டாரு. ரெண்டு பேரும் இறங்கி வரல்ல. நான்தான் இறங்கி வந்தன்."

இத்தனை வயதில் அம்மாவைப் பற்றி எனக்குத் தெரிந்தது இவ்வளவுதானா. எனக்கு வெட்கமாக இருந்தது. நான் போய்ச் சட்டியை வாங்கித் தேய்த்தேன்.

பெப்ரவரி 5, புதன்

கம்சாயினிக்கு நீளமாக ஒரு குரல் செய்தி, பிறகு அதைவிட நீளமாக ஒன்று. ஒரு கோடுதான் விழுந்திருக்கிறது, போய்ச் சேரவில்லை. அந்தப் பள்ளத்துக்குள் சிக்னல் மலையில் ஏறினால்தான் வரும். ஏற மாட்டாளா?

பெப்ரவரி 6, வியாழன்

இன்னும் அதே ஒரு கோடுதான்.

பெப்ரவரி 7, வெள்ளி

வந்தது! மத்தியானச் சோறு வாயில் இருக்கும்போது வந்தது. முதலில் சிரிப்பு, நெடுநேரம் சிரிப்பு மட்டும். பின்னால் காற்றுச் சத்தம். குரங்கேறிமலையில் நின்று பேசுகிறாளாம்.

"உங்கள மாதிரி ஒரு ஆளை நான் கண்டதில்ல. அம்மாட குடி தெரியாத மனிசன்! மாமா சொல்றார், இனி உங்கட வாயை நம்ப மாட்டாராம். உங்கட அம்மா வந்து சொல்லட்டாம். ஞாயித்துக்கிழமை கூட்டிட்டு வாங்க."

சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டேன். பசி போய்விட்டது, நல்ல மாதிரியாக.

பெப்ரவரி 9, ஞாயிறு

ஆட்டோக்காரன் வழமையான வழியால் போகப் பார்த்தான். அம்மா தோளில் தட்டினார். "மண்முனைப் பாலத்தால போ. படுவான்கரையால போவம்." பாலம் கட்டின பிறகு அவர் அதில் ஏறியது இல்லை. தான் வந்த காலத்தில் பாலம் இல்லை, 'பாதை' என்கிற மிதவையில் ஏறி வாவியைக் கடந்து வந்தாராம். பாலத்தின் நடுவில் வரும்போது முக்காட்டைச் சரிசெய்துகொண்டு இரண்டு பக்கமும் பார்த்தார். தன் ஊர்ச் சந்தி வந்தபோது ஆட்டோவை நிறுத்தச் சொல்லுவார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"வரக்குள்ள இறங்குவம்" என்றார். "இப்ப உன்ட அலுவல் பாப்பம்."

வழி நெடுக வயல், குளம், அறுவடை. அம்மாவுக்கு வாய் திறந்துகொண்டது. இது என்ன நெல், அது எப்போது விதைத்தது, வாய்க்கால் எந்தப் பக்கம் வெட்டியிருக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தார். மீன் சட்டிக்குப் பக்கத்திலேயே கண்டு பழகின என் அம்மா ஒரு வயல்காரி என்று எனக்கு அப்போதுதான் விளங்கிற்று. ஆற்றைக் கண்டதும் இறங்கிக் காலை நனைத்தார். நான் அன்று வாயைத் திறந்துகொண்டு நின்ற அதே இடம்.

அழகரத்தினம் மாமா முற்றத்தில் பாய் போட்டு வைத்திருந்தார். எல்லோரும் இருந்த பிறகு தொண்டையைச் செருமினார்.

"அக்கா, நீங்க சொன்னாத்தான் சரி. எந்தக் குடி?"

அம்மா முதுகை நிமிர்த்தினார். "உலகிப்போடி குடி" என்றார். தன் தாயின் பெயரைச் சொன்னார், தாயின் தாயின் பெயரைச் சொன்னார், அந்தத் தாயின் ஊரைச் சொன்னார். நான் அந்தப் பெயர்களை எல்லாம் இன்றுதான் கேட்டேன். சொல்லி முடியும்வரை அம்மாவின் தலை நிமிர்ந்தே இருந்தது.

சீதேவிப்பிள்ளை அம்மா எழும்பி வந்து அம்மாவின் கையைப் பிடித்தார். "அப்ப நீங்க எனக்கு மச்சாள். இரிங்க மச்சாள், தேத்தண்ணி கொண்டு வாறன்."

மாமா இடி இடித்தார், அதாவது சிரித்தார். கம்சாயினி தேத்தண்ணீரோடு வந்தாள். எனக்கு நீட்டும்போது தாயைத் திரும்பிப் பார்த்து, "இது ஆருக்கு, அண்ணனுக்கா?" என்று கேட்டாள். முற்றமே சிரித்தது. எனக்குச் சிரிக்கவும் தெரியவில்லை, தேத்தண்ணீரை நேராகப் பிடிக்கவும் தெரியவில்லை. மாமாவின் சாரம் இன்றைக்கும் தேவைப்பட்டது.

திரும்பி வரும்போது அம்மாவின் ஊரில் இறங்கினோம். அம்மாவின் தங்கை வாசலில் நின்றார். அதை நான் எழுதப் போவதில்லை, அது அவர்களுடையது.

ஜூன் 8, ஞாயிறு

கதவு போட்டாயிற்று, பூச்சும் முடிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்துவிட்டேன். கூடவே ஒரு ரெஜிபோம் பெட்டியும். அதற்கென்று அறை இருக்கிறதே.

ஒக்டோபர் 12, ஞாயிறு

வேலைக்குப் போக வர மோட்டார் சைக்கிளில் முதுகு கழன்றுவிடும் போல இருக்கிறது. விடிந்து வெளிச்சம் வந்த பிறகுதான் வெளிக்கிட வேண்டும், கிரவல் பாதையில் யானை நிற்கும். கடலை நினைத்தால் மலையில் ஏறிப் பார்த்துக்கொள்கிறேன். கம்சாயினி அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள்.

2026 ஜனவரி 19, திங்கள்

இன்று ஆய்வுகூடத்தில் ஒரு முடிவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். பெயர் கம்சாயினி உதயரூபன், பின்பாதி நான். பிழை வரக் கூடாது என்று பக்கத்து மேசைக்காரியிடமும் கொடுத்துப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, "போய் மனிசிட்டச் சொல்லுங்க" என்றாள்.

மனிசியிடம் சொல்லி, மாமியிடம் சொல்லி, மாமா வேலிக்கு அந்தப் பக்கம் நின்று ஊருக்கே சொல்லி முடித்த பிறகு, மலையடிக்குப் போய் அம்மாவுக்கு எடுத்தேன். சொன்னேன். பிறகு போனை மேசையில் வைக்கிற சத்தம் கேட்டது. அப்பாவின் படம் அந்த மேசைக்கு மேலேதான் தொங்குகிறது.

"கேட்டீங்களா," என்று அம்மா அவரிடம் சொன்னது எனக்குத் தெளிவாகக் கேட்டது, "உங்கட பணிக்கனார் குடியில ஒண்டு வருதாம்."